கேசியோ எஃப்-91டபிள்யூ: போன்ல மணி பாக்கறத நிறுத்தி எட்டு மாசம்

முதல்லயே சொல்லிடறேன், இது புதுசா வந்த சாமான் இல்ல. கேசியோ எஃப்-91டபிள்யூ 1989ல வந்த வாட்ச், ரியூசுகே மொரியாய்ங்கற டிசைனர் அந்த கம்பெனிக்காக பண்ணின முதல் டிசைன், இன்னைக்கும் கடையில அதே முகத்தோட கிடைக்குது. நான் 69 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) வாங்கினேன். தைப்பூசம் முடிஞ்ச மறுவாரம் கையில கட்டினது, எட்டு மாசம் ஆச்சு, குளிக்கற நேரமும் தூங்கற நேரமும் தவிர கழட்டறதே இல்ல. ஒரு சின்ன பிளாஸ்டிக் வாட்சுக்கு எதுக்கு இவ்ளோ நீளமா எழுதறேன்னா, இந்த எட்டு மாசத்துல நான் போன் எடுக்கறது பாதிக்கு மேல குறைஞ்சிருக்கு, அதுக்கு எந்த ஆப்பும் எனக்கு உதவல, இதுதான் உதவுச்சு.

நான் கோலாலம்பூர் செந்தூல்ல இருக்கேன். பகல்ல மஸ்ஜிட் ஜாமேக் பக்கம் ஒரு ஆபீஸ்ல கணக்கு வேலை, சாயங்காலம் வீட்டுல ஃபார்ம் 4, ஃபார்ம் 5 பிள்ளைங்களுக்கு கணக்கு டியூஷன். போன வருஷக் கடைசியில ஒரு நாள், பிள்ளைங்களுக்கு பத்து கேள்வி குடுத்து போன்ல டைமர் வச்சேன். நடுவுல ஆபீஸ் குரூப்ல ஏதோ மெசேஜ் வந்துச்சு, பதில் போட்டேன், அப்படியே இன்னொரு குரூப், அங்க யாரோ கல்யாண போட்டோ போட்டிருந்தாங்க, அதப் பாத்துட்டு இருந்தேன். டைமர் சத்தம் வந்தப்ப கை தானா அத மூடிருச்சு போல, எனக்கு ஞாபகமே இல்ல. நிமிர்ந்து பாத்தா ஆறு பிள்ளைங்களும் பேனாவ கீழ வச்சிட்டு சும்மா உக்காந்திருக்காங்க. கடைசியில ஒரு பொண்ணு மெதுவா, "டீச்சர், டைம் முடிஞ்சு ஏழு நிமிஷம் ஆச்சு டீச்சர்"ன்னு சொல்லுச்சு. அவங்க அப்பா அம்மா ஓவர்டைம் பண்ணி அனுப்பற காசு அது. அன்னைக்கு ராத்திரி எனக்கு சோறு எறங்கல.

அதுக்கப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை ஒரு காரியம் செஞ்சேன், இத நீங்களும் செஞ்சு பாருங்க. ஒரு பேப்பர ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டி, போன எடுக்கறப்ப எல்லாம் எதுக்கு எடுத்தேன்னு ஒரு கோடு போட்டேன். கால் பேச, மெசேஜ் பாக்க, காசு கட்ட, மணி பாக்க, சும்மா. சாயங்காலம் எண்ணினா மொத்தம் 37 தடவை. அதுல 21 தடவை மணி பாக்க. அந்த 21ல மணி மட்டும் பாத்துட்டு கீழ வச்சது ஏழே தடவை, மீதி 14 தடவையும் மணி பாத்த கையோட வேற எங்கயோ போயிட்டேன். பல தடவை போன கீழ வச்சதுக்கு அப்புறம் மணி என்னன்னே தெரியாது, மறுபடி எடுப்பேன். கணக்குக்காரிக்கு இந்த நம்பர் போதும். என் போன் பிரச்சினைக்கு வாசல் ஃபேஸ்புக்கோ வாட்ஸ்அப்போ இல்ல, மணி பாக்கறதுதான்.

சரி, மணிய கைக்கு கொண்டு வருவோம்னு முதல்ல வாங்கினது ஒரு ஸ்மார்ட் பேண்ட். கம்பெனி பேரு வேணாம், எல்லா கம்பெனியிலயும் இதேதான் இருக்கும். ஆறு வாரம் கட்டினேன். மணி பாக்க கைய திருப்பினா ஸ்கிரீன்ல மணியோட சேந்து மெசேஜும் வந்து நிக்கும், மெசேஜப் பாதி படிச்சா மீதிய படிக்க போன எடுக்கணும், அப்ப போன் எடுக்கறது கூடிருச்சே தவிர குறையல. நோட்டிபிகேஷன எல்லாம் நிப்பாட்டினேன், அப்புறம் காலைல எந்திரிச்சதும் தூக்கத்துக்கு மார்க் போடும், 62ன்னு காட்டும், நல்லா தூங்கின மாதிரிதான் இருக்கும் ஆனா 62ன்னு பாத்ததும் உடம்பே சோர்ந்த மாதிரி ஆயிரும். அந்த மார்க்கையும் போன்லதான் முழுசா பாக்க முடியும். வாரத்துக்கு ஒரு தடவை சார்ஜ் வேற, அதுக்குன்னு தனி கேபிள். அத என் வீட்டுக்காரர்கிட்ட குடுத்துட்டேன், அவர் சாயங்காலம் தித்திவாங்சா ஏரியில நடக்கறவர், அவருக்கு ஸ்டெப் எண்ண உதவுது, சந்தோஷமா கட்டியிருக்காரு. அவருக்கு அது சரியான சாமான், எனக்கு இல்ல.

அப்பதான் என் அப்பாவோட பழைய வாட்ச் ஞாபகம் வந்துச்சு. கோலசிலாங்கூர் பக்கம் தோட்டத்துல வேல பாத்தவர், விடியறதுக்கு முன்ன பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கற இடத்துக்கு, போய் நிக்கணும், லேட்டானா அன்னைய பேரு, அதாவது ஒரு நாள் கூலி, போயிரும், அதனால சாவி குடுக்கற வாட்ச் ஒண்ணு எப்பவும் கையில இருக்கும். 1981 டிசம்பர் 31 ராத்திரி பதினொன்றரை மணிக்கு தீபகற்ப மலேசியா பூரா கடிகாரத்த அரை மணி நேரம் முன்னால தள்ளி பன்னெண்டு ஆக்கினாங்க, சபா சரவாக்கோட ஒரே நேரமா வர்றதுக்கு, 1982 ஜனவரி 1ல இருந்து அதான் நம்ம நேரம். லயத்துல, அதாவது தோட்டத்து வீட்டு வரிசையில, எல்லாரும் முழிச்சிருந்து வாட்ச திருப்பினாங்கன்னு அப்பா சொல்வாரு, மறுநாள்ல இருந்து பெரட்டுக்கு போறப்ப வழக்கத்த விட இருட்டா இருந்துச்சாம். இப்ப போன் தானா மாத்திக்கும். ஆனா அவர் மணி பாத்தா மணி மட்டும்தான் பாப்பாரு, அது எனக்கு வேணும்னு தோணுச்சு.

இங்கதான் ஒரு தப்பு பண்ணினேன், அதையும் சொல்லணும், ஏன்னா இந்த மாடல வாங்கறவங்க நிறைய பேருக்கு இது நடக்கும். வேல முடிஞ்சு பெட்டாலிங் ஸ்ட்ரீட் பக்கம் நடந்து போய் ஒரு ஸ்டால்ல 25 வெள்ளிக்கு வாங்கிட்டேன். பாக்க அச்சு அசல். ரெண்டு வாரத்துல ஆறு நிமிஷம் பின்னால போயிருச்சு, ஒரு பட்டன் உள்ள போயி வெளிய வரல. திரும்ப போனா அந்த ஆள் அங்க இல்ல, ஸ்டால்ல வேற சாமான் போட்டிருந்துச்சு. உலகம் பூரா விக்கற வாட்ச், விலையும் கம்மி, அதனால போலியும் ஏராளம். ஒரிஜினலான்னு பாக்க ஒரு வழி இருக்கு. வலது பக்கம் இருக்கற ஒரே பட்டன மூணு செகண்ட் அமுக்கிப் பிடிங்க, ஸ்கிரீன்ல மணி மறைஞ்சு கம்பெனி பேரு வரும். என் போலியில ஒண்ணும் வரல. ஆனா நல்லா செஞ்ச போலியில இதையும் காப்பி அடிச்சிருக்கலாம், அதனால பேரு வந்துருச்சேன்னு நம்பிடாம, வாரண்டி கார்டும் ரசீதும் குடுக்கற கடையா பாத்து வாங்குங்க. ரெண்டாவது தடவை நான் மால்ல இருக்கற ஒரு வாட்ச் கடையில வாங்கினேன், அங்க இருந்த ஆன்டியே பட்டன அமுக்கி காட்டி, தேதி கிழமை செட் பண்ணி, என் கைக்கு சரியா பட்டைய போட்டு குடுத்தாங்க. 44 வெள்ளி மிச்சம் பண்ணப் போயி மொத்தம் 94 வெள்ளி ஆச்சு.

இப்ப வாட்சப் பத்தி. எடை 21 கிராம், தடிப்பு 8.5 மில்லிமீட்டர். என் மணிக்கட்டு சின்னது, பெரிய வாட்ச் கட்டினா பாத்திரம் கழுவறப்ப இடிக்கும், இது கையில இருக்கறதே மறந்து போகுது. முகத்துல மணி, நிமிஷம், செகண்ட், தேதி, கிழமை ரெண்டு எழுத்துல, அவ்ளோதான். நேரம் மாசத்துக்கு 30 செகண்ட் முன்ன பின்ன போகலாம்னு கம்பெனியே சொல்லுது, என்னோடது மாசம் பத்து செகண்ட் மாதிரி முன்னால போகுது, ஒண்ணாந்தேதி சம்பளக் கணக்கு பாக்கறப்ப இதையும் சரி பண்ணிடுவேன். உள்ள சிஆர்2016 பேட்டரி, சுமார் ஏழு வருஷம் வரும்னு சொல்றாங்க. அத நான் சோதிக்க இன்னும் ஆறு வருஷத்துக்கு மேல இருக்கு, ஆனா எட்டு மாசமா சார்ஜ்ங்கற வார்த்தையே இந்த வாட்ச் பக்கம் வரல, அதுவே எனக்கு பெரிய நிம்மதி.

மூணே பட்டன். இடது மேல லைட், இடது கீழ மோட் மாத்த, வலது பட்டன் மத்ததுக்கு. மோட் பட்டன அமுக்கினா அலாரம், இன்னொரு தடவை ஸ்டாப்வாட்ச், இன்னொரு தடவை நேரம் செட் பண்றது, அப்புறம் மறுபடி மணி. என் மக ஆண்டு 3 படிக்கறா, பத்து நிமிஷத்துல கத்துக்கிட்டா. புக்லெட்ட தொலைச்சாலும் பரவால்ல. வலது பட்டன சும்மா ஒரு தடவை அமுக்கினா 12 மணிக் கணக்கும் 24 மணிக் கணக்கும் மாறும், தெரியாம கை பட்டு 19ன்னு காட்டினா பயந்துடாதீங்க.

மணிக்கு ஒரு தடவை பீப் அடிக்கற வசதி இருக்கு, இத நான் எதிர்பாக்கல, இப்ப இதுதான் எனக்கு ரொம்ப பிடிச்சது. ஆபீஸ்ல பீப் கேட்டா நாற்காலிய விட்டு எந்திரிச்சு தண்ணி குடிச்சிட்டு வருவேன். இதையே போன்ல ஒரு ஆப் போட்டு செஞ்சு பாத்தேன் முன்ன, அது ஞாபகப்படுத்தறப்ப போன எடுக்கணும், எடுத்தா கத வேற. இது பீப்புன்னு ஒரு சத்தம், பாக்கக்கூட வேணாம், எந்திரிச்சா போதும். ராத்திரியும் விடாம அடிக்கும், அதனால தூங்கறதுக்கு முன்ன அலாரம் மோட்ல போயி வலது பட்டன தட்டி அத மூடிடணும், இல்லன்னா வாட்ச வேற ரூம்ல வச்சிடணும்.

டியூஷனுக்கு ஸ்டாப்வாட்ச். ஃபார்ம் 5 கடைசியில எழுதற எஸ்பிஎம் பரீட்சையில கணக்கு பேப்பர் 1ல 40 கேள்வி, ஒன்றரை மணி நேரம், அதாவது ஒரு கேள்விக்கு 2 நிமிஷம் 15 செகண்ட். பிள்ளைங்க நிறைய பேரு தெரியாத கேள்வியில அஞ்சு நிமிஷம் உக்காந்துட்டு, கடைசியில தெரிஞ்ச கேள்விய விட்டுட்டு வருவாங்க. அதனால பத்து கேள்வி குடுத்து 22 நிமிஷம் 30 செகண்ட்ல நிப்பாட்டுவேன். முன்ன போன்ல செஞ்சதுதான் இது, ஆனா இப்ப என் போன் உள் ரூம்ல இருக்கும், நான் பிள்ளைங்க நோட்டு பக்கத்துலயே நின்னு யாரு எந்த கேள்வியில தேங்கி நிக்கறாங்கன்னு பாக்கறேன். பாத்ததுல எனக்கே தெரியாதது ஒண்ணு தெரிஞ்சுது, கணக்குல நல்லா வர்ற ஒரு பையன் ஒவ்வொரு விடையையும் மூணு தடவை கால்குலேட்டர்ல போட்டுப் பாக்கறான், அதான் அவனுக்கு நேரம் பத்தல. போன் கையில இருந்த வரைக்கும் இத நான் கவனிக்கல. ஒரு விஷயம், இந்த ஸ்டாப்வாட்ச் 59 நிமிஷம் 59 செகண்ட் வரைக்கும்தான் ஓடும், ஒரு மணி நேரம் ஆனா சைபர்ல இருந்து ஆரம்பிச்சிரும். பேப்பர் 2 ரெண்டரை மணி நேரம், அதுக்கு இது ஆகாது, சுவத்துக் கடிகாரம்தான். அதப் பாத்தும் பழகட்டும்னு விட்டுட்டேன்.

இந்த வாட்ச் எதுக்கு சரி வராதுன்னும் தெரிஞ்சுக்கணும். லைட்டு இடது பக்கம் ஒரு குட்டி பச்சை பல்ப், 1989ல வச்சது, இருட்டுல மணி நம்பர் தெரியும், செகண்ட் பக்கம் அவ்ளோவா தெரியாது. நைட் ஷிஃப்ட் பாக்கறவங்க, ராத்திரி அடிக்கடி மணி பாக்கறவங்க வேற மாடல் பாருங்க. தண்ணி விஷயத்துல கை கழுவறது, மழைச்சாரல் இதுக்குத்தான் இந்த மாடல், நீச்சலுக்கு இல்ல. கேஎல் மழைய பத்தி சொல்ல வேணாம், பண்டாராயா ஸ்டேஷன்ல இருந்து ஒரு தடவை குடை இல்லாம நனைஞ்சுகிட்டே போனேன், ஒண்ணும் ஆகல, ஆனா அதுக்காக நான் இத போட்டுக்கிட்டு குளிக்கறது இல்ல. பட்டை ரெசின், நம்ம ஊரு வேர்வைக்கு உள்பக்கம் பிசுபிசுன்னு ஆகும், ரெண்டு நாளைக்கு ஒரு தடவை ஈரத்துணியால துடைச்சா போதும். வருஷம்ங்கறது இந்த வாட்சுக்கு தெரியவே தெரியாது, அதனால பிப்ரவரிய எப்பவும் 28 நாளாத்தான் வச்சுக்கும், லீப் வருஷத்துல நம்மதான் கையால ஒரு நாள் திருத்தணும்.

அலாரம் இருக்கு, 20 செகண்ட் அடிக்கும், ஒரே ஒரு அலாரம்தான். பகல்ல பிள்ளைய ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வர ஞாபகப்படுத்த போதும். காலைல எழுப்ப இத நம்பாதீங்க, காத்தாடி சத்தத்துல காதுல விழாது. இதுக்கு நான் தனியா ஒரு மேஜை அலாரம் கடிகாரம் வாங்கினேன், எங்க தாமான்ல (குடியிருப்புல) இருக்கற தட்டுமுட்டு சாமான் கடையில 18 வெள்ளி, ஒரு டபுள் ஏ பேட்டரி. உண்மைய சொல்லணும்னா வாட்ச் பாதி வேல, இந்த 18 வெள்ளி கடிகாரம் மீதி பாதி வேல. ஏன்னா போன் என் தலமாட்டுல இருக்கறதுக்கு ஒரே காரணம் அலாரம்தான். அலாரம் வேற இடத்துக்கு போனதும் போனுக்கு பெட்ரூம்ல வேலையே இல்ல, ஹால்ல டிவி பக்கத்துல சார்ஜ் போட்டுட்டு வந்துடறேன். முதல் ஒரு வாரம் கை சும்மா இருட்டுல தேடும், பக்கத்துல தடவும். பத்தாவது நாள் மாதிரி அது நின்னுருச்சு. காலைல எந்திரிச்சு முதல்ல தண்ணி அடுப்புல வைக்கறேன், போன் எடுக்கறப்ப குறைஞ்சது அரை மணி ஆயிருது.

இதுல எனக்கு இருந்த பெரிய பயம் அம்மா. அவங்க கிள்ளான்ல தம்பி வீட்டுல இருக்காங்க, சக்கரையும் பிரஷரும் உண்டு, ராத்திரி ஏதாவதுன்னா கால் வரும். அதனால போன சைலன்ட்ல போட முடியாதுன்னு நெனச்சிட்டு இருந்தேன், நிறைய பேரு இப்படித்தான் நெனச்சு போன தலமாட்டுல வச்சிருக்கோம். ஆனா சத்தத்த நிப்பாட்டற டூ நாட் டிஸ்டர்ப் போட்டாலும் சில பேரோட காலுக்கு மட்டும் சத்தம் வர்ற மாதிரி வைக்க முடியும், அம்மா, தம்பி, தம்பி பொண்டாட்டி மூணு பேரையும் போட்டிருக்கேன். இன்னொண்ணு, வேற யாராவது உடனே ரெண்டாவது தடவை கூப்பிட்டா சத்தம் விடற வசதியும் இருக்கு, ஆண்ட்ராய்டுல 15 நிமிஷத்துக்குள்ள ரெண்டாவது கால், ஐபோன்ல 3 நிமிஷத்துக்குள்ள. ரிங்டோன் சத்தத்த முழுசா வச்சு ஹால்ல விட்டேன், தம்பிய விட்டு ராத்திரி ஒரு தடவை அடிக்கச் சொல்லி பாத்தேன், கதவு மூடியிருந்தாலும் நல்லா கேக்குது. இத சோதிச்சு பாக்காம தயவுசெஞ்சு போன வெளிய வைக்காதீங்க, வயசானவங்க இருக்கற வீடு.

ரயில்ல என்ன ஆச்சுன்னும் சொல்றேன். செந்தூல்ல ஏறினா தித்திவாங்சா, பிடபிள்யூடிசி, சுல்தான் இஸ்மாயில், பண்டாராயா, அப்புறம் மஸ்ஜிட் ஜாமேக், அஞ்சே ஸ்டேஷன். முன்ன இந்த தூரத்துல மணி பாக்கவே மூணு தடவை போன் வெளிய வரும். இப்ப கார்ட தட்டி உள்ள போனதுக்கு அப்புறம் போன் பைக்குள்ளயே இருக்கும். காலைல கூட்டத்துல ஒரு கை கம்பிய பிடிச்சிருக்கும், இன்னொரு கைய லேசா திருப்பினா மணி தெரியும், பைய தொறந்து தோண்ட வேண்டியது இல்ல. மத்தபடி போன விட்டுட்டு வாழ முடியாது, மதியம் கடையில சாப்பிட்டா கியூஆர்ல காசு கட்டணும், ஸ்கூல் குரூப் பாக்கணும், வங்கிக்கு அனுமதி குடுக்கணும். அதுக்கெல்லாம் எடுக்கறேன், எடுத்த வேலைய முடிச்சிட்டு வைக்கறேன். எப்பவும் இல்ல, சில நாள் மறுபடி அரை மணி போயிரும், முக்கியமா மாசக் கடைசியில அலுப்பா இருக்கறப்ப. ஆனா போன மாசம் அதே மாதிரி ஒரு ஞாயித்துக்கிழமை பேப்பர ஃபிரிட்ஜ்ல ஒட்டி கோடு போட்டேன். மொத்தம் 16. மணி பாக்க எடுத்தது ரெண்டு, ரெண்டும் வாட்ச கழட்டி வச்சிருந்த நேரம்.

கல்யாணம் காட்சிக்கு பட்டுப்புடவைக்கு இது பொருந்தலன்னு என் நாத்தனார் சொன்னாங்க. இரும்புப் பட்டை போட்ட மாடலும் இதே கம்பெனியில இருக்கு, உள்ள கிட்டத்தட்ட இதே வசதிதான், விலை கொஞ்சம் கூட. அவங்க அதத்தான் வாங்கினாங்க. நான் புடவைக்கும் இதையேதான் கட்டறேன், பத்துமலைக்கும் இதையேதான் கட்டிட்டு போனேன்.

ஆஸ்த்மா பம்ப் எத்தனை மணிக்கு எடுத்தோம், மாத்திரை எப்ப போட்டோம்னு மணி பாக்கறவங்களுக்கு, டியூஷன் எடுக்கறவங்களுக்கு, ஸ்கூல் பிள்ளைங்களுக்கு இந்த வாட்ச தைரியமா வாங்கிக் குடுக்கலாம். ஓட்டம், நெஞ்சுத்துடிப்பு, தூக்கம் எல்லாம் அளக்கணும்னு இருக்கறவங்க இதுல காசு போடாதீங்க, அதுல எதுவும் இதுல இல்ல. என் மக பிறந்தநாளுக்கு தனக்கும் ஒண்ணு வேணும்னு கேட்டிருக்கா, டிசம்பர்ல வாங்கித் தரேன்னு சொல்லியிருக்கேன், அதே ஆன்டி கடையில. 2028 பிப்ரவரி 29 செவ்வாய்க்கிழமை வருது, அன்னைக்கு ரெண்டு வாட்சையும் அவளே திருத்தறதா இப்பவே காலண்டர்ல எழுதி வச்சிருக்கா.